ஓடம் கவிழ்ந்த வழக்கும் நான்காம் லைனும்

நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் ஆகிறது. போன மாதம் பழைய கம்பெனியிலிருந்து பிரியா போன் செய்தாள். என் இடத்தில் இப்போது அவள்தான் பாதுகாப்பு அதிகாரி.

"மேடம், விபத்து ரிப்போர்ட் எல்லாம் இனிமே டேப்லெட்லதான். காரணம்னு ஒரே ஒரு கட்டம் வெச்சிருக்காங்க. தொட்டா ரெடிமேடா நாலு காரணம் வருது, ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும். நம்ம மூணு கேள்வியை எங்க எழுதுறதுன்னு கேட்டேன். அது எங்கேயிருந்து வந்துச்சுன்னு திருப்பிக் கேக்குறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல."

"ஒரு நாடகத்துலேர்ந்து வந்துச்சு" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். அதனால் முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. கல்லூரியில் வேதியியல் படித்தேன். ஒரு பெயிண்ட் கம்பெனி லேபில் சில வருஷம் இருந்துவிட்டுத் தொழிற்சாலைப் பாதுகாப்பு டிப்ளமோ முடித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் பிரஸ் ஷாப்பில் வேலை கிடைத்தது. இரும்புத் தகட்டை அச்சில் வைத்து, மேலிருந்து பிரஸ் இறங்கி அடித்து வளைக்கும் இடம் அது. முதல் ஆறு மாதம் எனக்குப் பெயரே கிடையாது, 'ஹெல்மெட் மேடம்' தான். அப்புறம் எஸ்தர் மேடம் ஆனேன்.

எங்கள் ஆலைத் தலைவர் ராமநாதன் சார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். குரலை உயர்த்தியே பார்த்ததில்லை. கையில் எப்போதும் நுனி கூராகச் சீவிய பென்சில் ஒன்று இருக்கும். எந்த ரிப்போர்ட்டைக் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கடைசி வரியைத்தான் முதலில் படிப்பார். முடிவு பிடித்திருந்தால் மேலே போக மாட்டார், அங்கேயே கையெழுத்துதான். பிடிக்கவில்லையென்றால் பென்சிலை மேசையில் குத்தி நிறுத்தி, "அப்புறம்?" என்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து நாங்கள் எல்லோரும் அவருக்குப் பிடித்த கடைசி வரி எழுதக் கற்றுக்கொண்டிருந்தோம். எனக்குப் பழகிய கடைசி வரி, 'ஆபரேட்டரின் கவனக்குறைவு'. எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

ஒவ்வொரு வருஷமும் பாதுகாப்பு வாரம் வரும். பேனர் கட்டுவோம், உறுதிமொழி வாசிப்போம், வாசகப் போட்டி நடத்துவோம். யாரும் கேட்க மாட்டார்கள். நான் ஓய்வு பெறுவதற்கு நாலு வருஷம் முன்னால் ராமநாதன் சார் கூப்பிட்டார்.

"இந்த வருஷம் வேற ஏதாவது பண்ணுங்க மேடம். ஆனா ஒரு மணி நேரத்துக்கு மேல போகக் கூடாது."

நாடகம் போடலாம் என்றேன். தலையாட்டினார். என்ன நாடகம் என்று அவர் கேட்கவில்லை.

எனக்குக் கல்லூரியில் தமிழ்ப் பாடமாக 'தெற்குத்துறை' என்ற பழைய மேடை நாடகம் இருந்தது. ஒரு காலத்தில் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய ஆடியதாம். கதை சின்னதுதான். ஆற்றில் ஓர் ஓடம் கவிழ்கிறது. பூ விற்கப் போன ஒரு பெண் முழுகிப் போகிறாள். ஊர்ப் பஞ்சாயத்து கூடி விசாரிக்கிறது. ஓடம் பண்ணையாருடையது. அடிப்பலகை இற்றிருப்பதாக ஓடக்காரன் சொன்னதும், அறுப்பு முடியட்டும் பார்க்கலாம் என்றவர் அவர். ஒரு வியாபாரி, சந்தைக்கு நேரமாகிறது என்று மறுத்துப் பேசவிடாமல் இரண்டு மூட்டை கூடுதலாக ஏற்றினான். ஓடத்தில் இருந்த பள்ளிக்கூட வாத்தியார் காலடியில் தண்ணீர் ஊறுவதைப் பார்த்தார். காலைத் தூக்கிப் பலகை மேல் வைத்துக்கொண்டு செய்தித்தாள் படித்தார். ஓடக்காரன் எல்லாம் தெரிந்தும் கோலை ஊன்றி ஓடத்தைத் தள்ளினான். பஞ்சாயத்து ஓடக்காரனை ஊரைவிட்டு அனுப்புகிறது. கடைசிக் காட்சியில் அதே ஓடத்தில் வேறொருவன் கோலோடு நிற்கிறான்.

பரீட்சையில் 'ஓடக்காரனின் பாத்திரப் படைப்பை விளக்குக' என்று கேட்டார்கள். நோட்ஸை நெட்டுருப் போட்டு எட்டுப் பக்கம் எழுதினேன். நல்ல மார்க். அந்த மனிதர்களைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை.

கேன்டீனில் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இருபது நிமிஷம் வாசிப்பு என்று அறிவித்தேன். நடிக்க நாலு பேர் முன்வந்தார்கள். நான்காம் லைன் ஆபரேட்டர் சுடலைமுத்து, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து வாடகை அறையில் இருப்பவர், ஓடக்காரன். அதே லைனின் சூப்பர்வைசர் மோகன், வியாபாரி. மெயின்டனன்ஸ் அன்வர், பண்ணையார். தரப் பரிசோதனையில் இருந்த படப்பை வசந்தா, வாத்தியார்.

"டீச்சரம்மான்னு மாத்திடலாமா வசந்தா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு மேடம்? மீசை வெச்சிக்கினா வாத்தியாரு. அவ்ளோதானே."

முதல் நாள் வாசித்து முடித்ததும், ஓடத்தைக் கவிழ்த்தது யார் என்று கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து ஒரே குரலாக ஓடக்காரன் என்றார்கள். கோல் அவன் கையில்தானே இருந்தது!

ஆளாளுக்குக் கத்தியதில் ஒன்றும் விளங்கவில்லை. ஒழுங்காகப் பேச வைப்பதற்காகப் பலகையில் மூன்று கட்டம் போட்டேன். அவருக்கு என்ன தெரியும்? அவரால் என்ன முடியும்? அவர் என்ன செய்தார்? ஒரு நாளைக்கு ஒரு பாத்திரம். இந்த மூன்றுக்கும் நாடகத்திலிருந்து பதில் காட்டாமல் யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இவ்வளவுதான் விதி.

அதற்கப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பண்ணையார் நாள் எல்லோருக்கும் சுலபமாக இருந்தது, திட்டித் தீர்த்தார்கள். வியாபாரி நாளில் மோகன் சண்டைக்கே வந்துவிட்டார். "அவனுக்குப் பலகை இத்துப்போனது தெரியாதுங்க. சந்தை போச்சுன்னா அவன் பொழப்பு போச்சு. முதல் கட்டத்துல 'தெரியாது'ன்னு எழுதுங்க." எழுதினேன். "ஆனா ஓடக்காரன் வேணாம்னு வாயைத் தொறந்தப்ப பேச வுடலையே" என்றாள் வசந்தா. "தெரியாதது வேற, தெரிஞ்சிக்க இஷ்டம் இல்லாதது வேற." கேன்டீனே கை தட்டியது. மோகன் முகம் சுருங்கியது.

வாத்தியார் நாளில் வசந்தா தன் பாத்திரத்தைத் தானே போட்டுக் கிழித்தாள். "எனுக்கு இந்த ஆளு மேலதான் கோவம் மேடம். பண்ணையாருக்குப் பேராசை. வியாபாரிக்கு அவசரம். ஓடக்காரனுக்கு வேல போயிடும்னு பயம். இவருக்கு இன்னா நஷ்டம்? ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஓடம் திரும்பியிருக்கும். சொல்லாம கால மட்டும் தூக்கி வெச்சிக்கினாரு பாரு!"

ஓடக்காரன் நாளில் எல்லோரும் மனம் மாறி, பாவம் அவன், ஏழை என்றார்கள். சுடலைமுத்து ஒத்துக்கொள்ளவில்லை. "பாவம் பாவம்னு சொல்லி அவன விட்டுறாதீங்க. அவனுக்கும் வாய் இருந்துச்சுல்லா? பலகை போச்சு, ஏறாதீங்கன்னு கரையில நிக்கிறவங்ககிட்ட சொல்லியிருக்கலாம்லா? அவன் மேல தப்பே இல்லைன்னா அவன் மனுசனே இல்ல, வெறும் கோல்னு ஆயிருது."

எட்டுப் பக்கம் எழுதி நான் வாங்கிய மார்க்கெல்லாம் அன்றைக்குத்தான் செல்லாமல் போயிற்று.

நாடகத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, நான்காம் லைனில் விபத்து நடந்தது.

வேலுச்சாமி வாலாஜாபாத்காரர். முப்பத்துநாலு வயது. ஒப்பந்தத் தொழிலாளி, ஆனால் அந்த பிரஸ்ஸில் ஐந்து வருஷ அனுபவம். தகடு ஒன்று அச்சில் ஒட்டிக்கொண்டது. எடுக்கக் கையை விட்டார். கால், பிரஸ்ஸை இறக்கும் பெடலில் பட்டுவிட்டது. வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போயிற்று. நான் போனபோது துணியால் கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "மெஷினை நிறுத்திட்டாங்களா மேடம்? அடுத்த ஆளு வந்துடப் போறாரு" என்றார். ஆம்புலன்ஸில் ஏற்றும் வரை இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த பிரஸ்ஸின் முகப்பில் ஒரு சென்சார் உண்டு. கை உள்ளே போனால் கண்ணுக்குத் தெரியாத ஒளி தடைபட்டு, பிரஸ் பாதியிலேயே நின்றுவிடும். அன்றைக்கு நிற்கவில்லை.

மறுநாள் காலை மோகன் ரிப்போர்ட்டை எழுதியே கொண்டுவந்துவிட்டார். கடைசி வரி எனக்கு நன்றாகப் பழகிய வரி. ராமநாதன் சாரும் போனில் சொன்னார்: "திங்கட்கிழமை கஸ்டமர் ஆடிட் வர்றாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள க்ளோஸ் பண்ணிடுங்க மேடம்."

அந்த வரியில் கையெழுத்துப் போட்டால் வேலுச்சாமி திரும்பி வர முடியாது. எங்களிடம் மட்டுமில்லை. ஒரு இடத்தில் 'கவனக்குறைவு' என்று பெயர் வாங்கியவரை இந்த ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் எந்த பிரஸ் ஷாப்பிலும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். விரல் போன கையோடு அவர் எங்கே போய் நிற்பார்?

ரிப்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு நான் என் வேலையைத் தொடங்கினேன். விபத்து நடந்த அதே நேரத்துக்கு அதே இடத்தில் போய் நின்றேன். விளக்கு எப்படி விழுகிறது, ஒட்டிய தகட்டை எடுக்கும் இடுக்கி எங்கே தொங்குகிறது என்று பார்த்தேன். இடுக்கி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. வேலுச்சாமி அதை எடுத்திருக்கலாம். எழுதிக்கொண்டேன். அப்புறம் சாவிப் பெட்டி. சென்சாரை ஓரங்கட்டிவிட்டு மெஷினை ஓட்ட ஒரு சாவி இருக்கிறது. பழுது பார்க்கும்போது மட்டும்தான் எடுக்க வேண்டும், உடனே திருப்பி வைக்க வேண்டும். பதிவேட்டில் அன்வர் கையெழுத்துப் போட்டு எடுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. சாவி திரும்பவில்லை.

அன்வர் ஒளிக்கவில்லை. "சென்சார் அடிக்கடி தானா நிக்குது மேடம். மாத்தணும்னு எழுதிக் கொடுத்தேன். அனுமதி வரல. லைன் ஓடணும், சாவியைப் போட்டுக் கொடுன்னு மோகன் சார் கேட்டாரு. ரெண்டு நாள்னு சொன்னாரு."

அனுமதிக் கடிதம் எங்கே நிற்கிறது என்று தேடினேன். ராமநாதன் சார் மேசையில், கையெழுத்துக்காக.

கடைசியாக வாராந்தர செக்லிஸ்ட்டை எடுத்தேன். ஒவ்வொரு மெஷினுக்கும் நேரில் போய், சென்சாரைச் சோதித்து டிக் அடிக்க வேண்டியது பாதுகாப்பு அதிகாரி. நான்காம் லைன், சென்சார்: சரி. கீழே என் கையெழுத்து.

சாவி எடுத்த மூன்றாம் நாள் தேதி அது. அந்த வாரம் நான் லைனுக்கே போகவில்லை. நாடகத்துக்கு வேஷ்டி, துண்டு, ஓடத்துக்கு அட்டை என்று அலைந்துகொண்டிருந்தேன். மேசையில் உட்கார்ந்தபடியே போன வாரத்தைப் பார்த்து டிக் அடித்தேன்.

வாத்தியாரைப் பற்றி வசந்தா பேசப் பேச நானும் கை தட்டியவள்தான். செக்லிஸ்ட்டை யாரும் கேட்கவில்லை. ஃபைலில் வைத்து மூடினால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஒரு நாள் முழுக்க அதை ஃபைலில்தான் வைத்திருந்தேன். இதையும் எழுதினால்தான் இந்தக் கட்டுரைக்கு யோக்கியதை.

அடுத்த நாள் வேலுச்சாமியைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். "ஏம்பா, இடுக்கி இருந்ததே?" என்று கேட்டேன்.

"இருந்துச்சி மேடம். சென்சாரு கீதுன்னு நெனச்சி கைய வுட்டேன். என் தப்புதான்" என்றார்.

எல்லாத் தப்பையும் அவரே எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். நான் அலுவலகத்துக்குத் திரும்பி ரிப்போர்ட்டைப் புதிதாக எழுதினேன். ஐந்து பெயர். ஒவ்வொரு பெயருக்கும் மூன்று கட்டம்: தெரிந்தது, முடிந்தது, செய்தது. வேலுச்சாமி, மோகன், அன்வர், ராமநாதன். ஐந்தாவதாக, கடைசி வரியில், எஸ்தர், பாதுகாப்பு அதிகாரி.

கொடுப்பதற்கு முன் மோகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பாதி படித்ததுமே எழுந்துவிட்டார்.

"என்னை அந்த வியாபாரியாவே ஆக்கிட்டீங்க இல்ல மேடம்? நாடகத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கோங்க. உற்பத்தி எண்ணிக்கை வரலைன்னா யாரைக் கேப்பாங்க? உங்களையா?"

"உங்களைத்தான் கேப்பாங்க மோகன். அதையும் ரெண்டாவது கட்டத்துல எழுதியிருக்கேன். கடைசி வரியையும் படிச்சிட்டுப் போங்க."

படித்தார். மறுபடி உட்கார்ந்தார். ரிப்போர்ட்டை என் மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ராமநாதன் சார் வழக்கம்போல் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். கடைசி வரியில் பென்சில் நின்றது.

"இது உங்க பேரு."

"ஆமாம் சார்."

"நேர்ல பார்க்காம டிக் அடிச்சேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"அடிச்சேன் சார்."

நான் வேலை செய்த காலத்தில் முதன்முறையாக, அவர் ஒரு ரிப்போர்ட்டை முதல் பக்கத்துக்குத் திருப்பி அங்கிருந்து படிக்கத் தொடங்கினார். நாலாவது பெயர் வந்தபோது முகம் இறுகியது. 'அப்புறம்?' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"இதோட ஆடிட்டுக்குப் போனா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் சார். வேலுச்சாமி பேரை மட்டும் எழுதிட்டுப் போனா, அதே பிரஸ்ல அடுத்த ஆளுக்கு என்ன ஆகும்னும் தெரியும்."

"நாளைக்கு வாங்க" என்றார்.

மறுநாள் காலை நான்காம் லைனுக்குப் போனபோது, அவர் எனக்கு முன்னால் அங்கே நின்றுகொண்டிருந்தார். கூட யாரும் இல்லை. நிறுத்தி வைத்திருந்த பிரஸ்ஸின் முன்னால் ஆபரேட்டர் நிற்கும் இடத்தில் நின்று, இடுக்கியை எடுத்துப் பார்த்து, திருப்பி மாட்டினார். ரிப்போர்ட் அவர் கையில் இருந்தது. அவர் பெயருக்கு நேரே, 'முடிந்தது' கட்டத்தில், நான் 'அனுமதியில் கையெழுத்து' என்று மட்டும் எழுதியிருந்தேன். அதற்குக் கீழே அவர் பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'அனுமதி வரும்வரை இந்த மெஷினை நிறுத்தச் சொல்லியிருக்கலாம்.' கீழே கையெழுத்து.

"இனிமே எல்லா ரிப்போர்ட்டும் இப்படியே வரட்டும். என் பேரு இருந்தாலும்" என்றார்.

நான் வாஷ்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷமும் வெட்கமும் சேர்ந்து வந்த அழுகை.

ஆடிட்டில் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். எனக்கும் அன்வருக்கும் மோகனுக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அடுத்த வாரமே எல்லா பிரஸ்ஸிலும் சென்சார் சோதித்து, பழுதானவை மாற்றப்பட்டன. சென்சார் வேலை செய்யாவிட்டால் ஆபரேட்டரே லைனை நிறுத்தலாம், யாரிடமும் கேட்க வேண்டாம் என்று ராமநாதன் சார் எழுத்தில் போட்டார். வேலுச்சாமிக்குக் கை ஆறியதும் வேலை உண்டு என்றும் அதே தாளில் இருந்தது.

நாடகத்துக்கு முந்தின நாள் வரை மோகன் ஒத்திகைக்கு வரவில்லை. வியாபாரி வசனத்தை நானே படித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மதியம் கேன்டீனுக்குள் வந்து, என் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டார். "அந்த ஆளை நான்தான் மேடம் நடிக்கணும். எனக்குத்தான் அவனைத் தெரியும்" என்றார்.

பாதுகாப்பு வாரத்தின் கடைசி நாள், ஷிப்ட் மாறும் மதியம், இரண்டு ஷிப்ட் ஆட்களும் கேன்டீனில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கையில் கட்டோடு வேலுச்சாமி மனைவியுடன் முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் ராமநாதன் சார். மோகன் மூட்டையை ஓடத்தில் ஏற்றியபோது ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. அப்படி ஓர் அவசரம் அவர் முகத்தில்.

பஞ்சாயத்துக் காட்சி வந்தது. யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று மூன்று முறை கேட்பார்கள். மூன்று முறையும் வாத்தியார் குனிந்தே நிற்பார். வசந்தா மீசையோடு குனிந்து நின்றாள். முதல் கேள்வி. அமைதி. இரண்டாவது கேள்வியில் பின்னாலிருந்து யாரோ, "சொல்லு வாத்தியாரே!" என்றார்கள். அவ்வளவுதான். பெஞ்சு பெஞ்சாக எழுந்துவிட்டார்கள். "சொல்லுங்க!" "வாயத் தொறய்யா!" "தண்ணி வந்துச்சுல்லா, சொல்லும்யா!" தகரக் கூரை அதிர்ந்தது. வசந்தா வாய் திறக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய, எழுதியிருந்தபடியே மூன்றாவது முறையும் குனிந்து நின்றாள். ஓடக்காரனை ஊரைவிட்டு அனுப்பினார்கள். சுடலைமுத்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மேடையைவிட்டு இறங்கிக் கூட்டத்தின் நடுவே நடந்தபோது, வழியில் இருந்த ஒவ்வொருவரும் எழுந்து அவர் தோளைத் தொட்டார்கள்.

ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. ராமநாதன் சார் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

மூன்று மாதம் கழித்து வேலுச்சாமி வந்தார். ஷிப்ட் தொடங்குமுன் சென்சார்களைச் சோதிக்கும் வேலை. வந்த இரண்டாம் வாரம், கஸ்டமர் கம்பெனி ஆட்கள் ஏழெட்டுப் பேர் ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். நானும் ராமநாதன் சாரும் கூட நடந்தோம். நான்காம் லைன் அப்படியே நின்றிருந்தது. சத்தமே இல்லை. வேலுச்சாமி பிரஸ்ஸில் சிவப்பு அட்டையை மாட்டிவிட்டு, பக்கத்தில் கை கட்டி நின்றார். அன்வர் தரையில் உட்கார்ந்து சென்சாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். மோகன் ஆபரேட்டர்களை வேறு லைனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

வந்தவர்களில் பெரியவர் ஒருவர் புருவத்தைத் தூக்கினார். "ஏன் நிக்குது? யார் நிறுத்தினது?"

வேலுச்சாமி ஒரு அடி முன்னால் வந்தார். "நான்தான் சார். சென்சாருக்குக் குறுக்க ரெண்டு வாட்டி கட்டைய வுட்டுப் பாத்தேன், பிரஸ்ஸு நிக்கல."

பெரியவர் ராமநாதன் சார் பக்கம் திரும்பினார். ராமநாதன் சார் பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, வேலுச்சாமியின் தோளில் கை வைத்தார்.

"இவர் பேரு வேலுச்சாமி. இவர் சரின்னு சொன்னப்புறம்தான் இங்க மெஷின் ஓடும். வாங்க, அதுவரைக்கும் டீ சாப்பிடலாம்."